பிளாஷ் தானாக அடிக்கிறது

நிதுஷாவின் காதோரம் நழுவிய மல்லிகைச் சரத்தை ஊசி குத்தி நிறுத்திக்கொண்டிருந்தபோது பிளாஷ் அடித்தது. யூஜினாவின் இரண்டு கைகளும் அந்தப் பிள்ளையின் தலையில் இருந்தன. கேமரா அவள் கழுத்தில் சும்மா தொங்கிக்கொண்டிருந்தது. பட்டனை அமுக்க ஒரு விரல்கூட மிச்சமில்லை. ஆனாலும் மூலையில் ஸ்டாண்டில் வெள்ளைக் குடையோடு நின்ற பிளாஷ், அறை முழுவதையும் ஒரு கணம் வெளுக்க வைத்துவிட்டு ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி நின்றது.

"யாரு புள்ள போட்டோ புடிச்சது?" என்று கேட்டாள் நாகலெட்சுமி. நிதுஷாவின் அப்பாவுக்கு அக்கா. பெண் பெரியவளான சடங்கு வீட்டில் அத்தைக்குத்தான் முதல் அதிகாரம். இவள் கடைசி அதிகாரத்தையும் யாருக்கும் விட்டுக்கொடுக்காதவள்.

"யாரும் புடிக்கலங்க அக்கா. அது சும்மா ஒரு டெஸ்ட்டு."

பொய்தான். யூஜினாவுக்குப் பொய் சொல்ல வராது என்று அவள் அக்கா றோசலின் ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறாள். வீட்டு விஷயத்தில் அது சரி. தொழில் விஷயத்தில் அவளுக்குப் பொய் நன்றாகவே வரும். சாமான் வேலை செய்யாத நேரத்தில் அதை முகத்தில் காட்டக் கூடாது என்பது விஜிதரன் சொல்லிக்கொடுத்த முதல் பாடம். "நமக்கு என்னா நடந்தாலும் அவுங்களுக்குத் தெரியக் கூடாது. சிரிச்சிக்கிட்டே ஸ்கிரீனப் பாரு" என்பான். விஜிதரன் அவளுடைய புருஷன். இப்போது கட்டாரில் இருக்கிறான்.

அன்று பௌர்ணமி, போயா லீவு. தோட்டத்தில் பெரட்டுக்கு நின்று வேலைக்குப் போக வேண்டாத நாள் என்றால் விசேஷங்களெல்லாம் அந்த ஒரே நாளில் வந்து விழும். வட்டகொடை ஸ்டேஷனுக்கு மேலே இருக்கும் இந்தத் தேயிலைத் தோட்டத்தில் மட்டும் அன்றைக்கு ஒரு சடங்கு, ஒரு கல்யாணம், ஒரு குடிபுகுதல். சடங்கு நடந்தது பிள்ளைக்காம்பராவில். கொழுந்து எடுக்கப் போகும் அம்மாமார் கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் போகிற கட்டடம் அது. லீவு நாளில் தொட்டில்களைக் கழற்றி ஓரமாகச் சுருட்டி வைத்தால் மண்டபமாகிவிடும். சுவரில் யானை, வாத்து, ஆப்பிள் என்று வரைந்து வைத்திருந்தார்கள். அதற்கு முன்னால் ரோஸ் நிற வலைத் துணியும் பிளாஸ்டிக் பூவுமாக மணவறையை ஜோடித்திருந்தார்கள். எந்தப் பக்கம் நின்று பார்த்தாலும் நிதுஷாவின் தோளுக்குப் பின்னாலிருந்து ஒரு மஞ்சள் வாத்து எட்டிப் பார்த்தது. காலையிலிருந்து யூஜினாவின் கவலை முழுவதும் அந்த வாத்தைப் பற்றித்தான். பிளாஷைக் கேமராவிலிருந்து பிரித்து மூலையில் கொண்டுபோய் நிறுத்தியதும் அதற்காகத்தான். வெளிச்சம் பக்கத்திலிருந்து விழுந்தால் பெண்ணின் முகம் எழுந்து வரும், பின்சுவர் இருட்டுக்குள் போகும், வாத்தும் அதோடு தொலையும். கேமராவின் தலையிலேயே பிளாஷை வைத்து நேராக அடித்தால் யானையும் வாத்தும் ஆப்பிளும் காலத்துக்கும் ஆல்பத்தில் உட்கார்ந்துவிடும்.

கேமராவின் தலையில் தீப்பெட்டி அளவில் ஒரு ட்ரிகர். பிளாஷின் காலடியில் அதே அளவில் ஒரு ரிசீவர். பட்டனை அமுக்கினால் இது கூப்பிடும், அது அடிக்கும். நடுவில் வயர் கிடையாது. கூப்பிடாமலே அடித்தால் அதற்கு என்ன அர்த்தம் என்று அவளுக்குத் தெரியவில்லை.

அவள் பின்னால் நகர்ந்து, நிதுஷாவைக் கன்னத்தைக் கொஞ்சம் திருப்பச் சொல்லி, பட்டனை அமுக்கினாள். இப்போது பிளாஷ் அடிக்கவில்லை. திரையில் நிதுஷா கரி பூசிய மாதிரி வந்திருந்தாள். யூஜினா சிரித்துக்கொண்டே திரையைப் பார்த்தாள். மறுபடி அமுக்கினாள். அடித்தது. படமும் நன்றாகவே வந்தது, வாத்தும் இல்லை. சரி, ஏதோ ஒரு தடவை முரண்டு பிடித்தது என்று அவள் மூச்சு விட்டபோது, யாரும் தொடாமலே மூன்று தடவை பட்பட்டென்று அடித்து ஓய்ந்தது.

"அக்கா, கண்ணு கூசுது" என்றாள் நிதுஷா.

முதலில் அவள் பழி போட்டது பேட்டரியின் மேல். இந்தக் குளிரில் பேட்டரிகள் மனிதரைவிட மோசம், எழுந்திருக்கவே மாட்டா. சேலைக்கு மேல் குளிருக்குப் போட்டிருந்த ஜாக்கெட்டின் உள்பையில் சூடாக வைத்திருந்த நான்கு பேட்டரிகளை எடுத்து மாற்றினாள். பிளாஷ் புதுத் தெம்போடு மறுபடி தானாக அடித்தது. அடுத்து பிளாஷின் பித்தளைக் காலை முந்தானை நுனியால் துடைத்தாள். காலையில் மூடுபனிக்குள் ஆட்டோவில் வந்திருக்கிறாள், ஈரம் இறங்கியிருக்கலாம். துடைத்து, ஊதி, மறுபடி மாட்டினாள். அது ஒரு தடவை அவளுக்காக அடித்தது, அடுத்த தடவை அடிக்கவில்லை, அதற்கடுத்து யாருக்காகவோ அடித்தது.

மூன்றாவதாக வேறொன்று தோன்றியது. இந்தப் பிளாஷில் ஒரு வசதி உண்டு. வேறு பிளாஷின் வெளிச்சத்தைக் கண்டால் தானும் சேர்ந்து அடிக்கும். பையில் உரசி அந்த முறைக்கு மாறியிருந்தால், சொந்தக்காரர்களின் போனிலிருந்து வரும் வெளிச்சத்துக்கெல்லாம் இது பதில் சொல்லிக்கொண்டிருக்கும். அவளுக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. ஆனால் பிளாஷின் பின்பக்கம் பார்த்தபோது முள் சாதாரண இடத்தில்தான் நின்றது. இருந்தாலும் விடவில்லை.

"எல்லாரும் கொஞ்சம் போன் லைட்ட ஆஃப் பண்ணுங்க. ப்ளீஸ்."

பண்ணினார்கள். எல்லாப் போனும் பைக்குள் போனபின் கூடம் கொஞ்சம் மங்கலாயிற்று. எல்லோரும் பிளாஷையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அது அடித்தது.

"டவர் கிட்டக்க இருக்குங்க" என்றார் நிதுஷாவின் அப்பா இராமையா. சாதுவான மனிதர், எல்லாவற்றுக்கும் ஒரு காரணம் இருக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறவர். "அது வந்ததிலேருந்து எங்க ரேடியோவும் கரகரன்னுதாங்க இருக்கு."

"டவரும் இல்ல கிவரும் இல்ல" என்றாள் நாகலெட்சுமி. "இப்பதான் தண்ணி ஊத்திக் கொண்டாந்து ஒக்கார வச்சிருக்கோம். மேல் மலைலேருந்து எதுவோ கூடவே வந்திருக்கு. ஒரு எலுமிச்சங்கா கொண்டாங்க." சொன்னதோடு நிற்காமல் எலுமிச்சம்பழத்தை அறுத்துக் குங்குமம் தடவி, பெண்ணின் காலடியில் ஒன்றும் பிளாஷ் ஸ்டாண்டின் காலடியில் ஒன்றுமாக வைத்துவிட்டாள். ஸ்டாண்டுக்கும் திருஷ்டி கழித்த முதல் ஆள் இந்த மலையகத்தில் அவளாகத்தான் இருக்கும். வேறு நாளாக இருந்தால் யூஜினா இதை விஜிதரனுக்குச் சொல்லிச் சொல்லிச் சிரித்திருப்பாள்.

நிதுஷாவின் அம்மா ஜெயந்தினி தட்டில் தேத்தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். "ஒங்க வீட்டுக்காரரு இருந்தா ஒடனே சரி பண்ணிருப்பாருல்ல. எங்க தங்கச்சி கல்யாணத்துக்கு அவருதானே வந்தாரு. நல்ல மனுசன். எங்க இருக்காரு இப்ப?"

"கட்டாருக்குப் போயிட்டாருங்க. போன தீவாளிக்கு முன்னுக்கு."

"பேசுறாரா?"

"பேசுறாருங்க."

அதுவும் முழுப் பொய்யில்லை. குரலைப் பதிந்து அனுப்புவான். இங்கே வெயில் தாங்க முடியவில்லை, ஸ்டோர் வேலை, ஒரு ரூமில் ஆறு பேர், வீடியோ கோல் போட்டால் மற்றவர்களுக்குத் தொந்தரவு. இவள் ஏதாவது கேட்டால் அடுத்த நாள் பதில் வரும். கேட்ட கேள்விக்கான பதிலாக இருக்காது. ஆரம்பத்தில் ஒவ்வொன்றையும் மூன்று நான்கு தரம் போட்டுக் கேட்டாள். இப்போதெல்லாம் ஒரு தரம் கேட்டுவிட்டு, அந்தக் குரலில் என்ன குறைகிறது என்று யோசித்துக்கொண்டு கிடப்பாள். அவனுக்கு அங்கே மனசு மாறிவிட்டதோ என்று ஒரு நாள் தோன்றும். மறுநாள் அப்படி நினைத்ததற்கே வெட்கமாக இருக்கும். வேதக்காரக் கிறிஸ்தவப் பெண்ணும் சைவக்காரப் பையனும் இரண்டு வீட்டையும் பகைத்துக்கொண்டு ரெஜிஸ்டர் பண்ணிய கல்யாணம். அது என்ன ஆயிற்று என்று பார்க்கக் காத்திருக்கிறவர்கள் இரண்டு பக்கமும் இருந்தார்கள். அவளும் ஒரு விதத்தில் அதைத்தான் காத்திருந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

தேத்தண்ணீரை ஜன்னல் கட்டையில் வைத்துவிட்டு, அவள் கடைசியாகச் செய்ய வேண்டியதைச் செய்தாள். கேமராவின் தலையிலிருந்து ட்ரிகரைக் கழற்றி, மூடியைத் திறந்து, பேட்டரியை எடுத்துத் தன் உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள். கூப்பிடுகிற வாயை அடைத்தாயிற்று. இனிமேலும் பிளாஷ் அடித்தால் கோளாறு இவளுடைய கேமராவில் இல்லை.

அடித்தது. ஒரு தடவை.

பிறகு ஓர் இடைவெளி. ஒரு மனிதன் தலையைக் குனிந்து எதையோ பார்த்துவிட்டு நிமிர்கிற அளவு இடைவெளி.

பிறகு மூன்று, தொடர்ந்து.

யூஜினாவுக்கு இது புதிதில்லை. எத்தனை கல்யாண வீடுகளில் குடை பிடித்துக்கொண்டு அவள் இந்தத் தாளத்தோடு நின்றிருக்கிறாள்! விஜிதரன் ஒரு படம் எடுப்பான். தலையைக் குனிந்து திரையைப் பார்ப்பான். அது பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும், பிறகு மூன்று படம் ஒரே மூச்சில் எடுப்பான். "ஒண்ணு எனக்கு, மூணு அவுங்களுக்கு" என்பான். எதற்கு இந்தப் பழக்கம், மெமரி கார்ட் நிறைகிறது என்று அவள் சண்டைகூடப் போட்டிருக்கிறாள்.

அவள் ஸ்டாண்டின் கீழே மண்டியிட்டு ரிசீவரின் மூடியைத் திறந்தாள். உள்ளே அரிசி மணி அளவில் நான்கு சுவிட்சுகள். அவற்றை மேலும் கீழுமாகத் தள்ளித்தான் சேனல் மாற்ற வேண்டும். பதினாறு சேனல் உண்டு. ஆனால் இந்த நான்கும் அசையாது. அவற்றின் மேல் சிவப்பு நெயில் பாலிஷ் தடித்துக் காய்ந்து கிடந்தது. அவளே பூசியது. தோட்டத்து ரோட்டில் ஆட்டோ குலுங்குகிற குலுக்கலில் இந்தச் சுவிட்சுகள் இடம் மாறி, டயகமவில் ஒரு கல்யாணத்தில் தாலி கட்டுகிற நேரத்தில் ஒரு லைட்டும் அடிக்காமல் போய், இரண்டு பேரும் ரோட்டிலேயே கத்திக்கொண்டு வீடு வந்தார்கள். அன்றைக்கு ராத்திரி கோபத்தோடு கோபமாக, ரெஜிஸ்டர் கல்யாணத்துக்கு வாங்கிய நெயில் பாலிஷை எடுத்து, தங்களிடம் இருந்த இரண்டு செட்டுக்கும் ஒரே சேனலை வைத்துப் பூசிவிட்டாள். விஜிதரன் வாங்கிப் பார்த்தான். "இனிமே செத்தாலும் மாறாது" என்றான். கட்டாருக்குப் போகும்போது ஒரு செட்டையும் ஒரு பிளாஷையும் தன் பையில் வைத்துக்கொண்டான். வெள்ளிக்கிழமை லீவில் அங்குள்ள நம் ஆட்களின் விசேஷங்களுக்குப் போகலாமாம். அந்தப் பையை அடுக்கிக் கொடுத்ததே அவள்தான்.

அந்த இன்னொரு செட் இப்போது கட்டாரில் இருக்க வேண்டும்.

அவள் தரையில் உட்கார்ந்தபடியே யோசித்தாள். பதினாறு சேனல்தான். இதே சாமானைத் தலவாக்கலையிலும் ஹட்டனிலும் எத்தனையோ பேர் வாங்கியிருப்பார்கள். அவர்களில் ஒருவன் அதே சேனலில் இருந்தால் அதிசயமா? ஒரு படம் எடுத்துவிட்டுத் திரையைப் பார்க்கிறவன் உலகத்தில் ஒருத்தன்தானா? யோசிக்க யோசிக்க எல்லாம் சரியாகத்தான் இருந்தது. ஆனாலும் அவள் எழுந்தாள்.

"அக்கா, கீழ கல்யாணம்னு சொன்னீங்களே. எங்க?" என்று ஜெயந்தினியைக் கேட்டாள்.

"இந்தா இங்கதான், அந்தோனியார் கோவில்ல. ரோட்டால போனா சுத்துதான். ஜன்னலால பாருங்க, நேரா கீழ தெரியும்."

தெரிந்தது. தேயிலைச் சரிவு இறங்கி, நடுவில் ஒரு ஓடை, அதற்கு அந்தப் பக்கம் தகரக் கூரையும் சிலுவையுமாகச் சின்னக் கோவில். ஒரு கல் எறிந்தால் கூரையில் விழும்போல இருந்தது. வாசலில் இரண்டு வேனும் ஆட்டோக்களும் நின்றன. மூடுபனி சரிவில் மேலும் கீழுமாக அலைந்து கொண்டிருந்தது. ஒரு சமயம் கோவில் முழுக்கத் தெரியும். ஒரு சமயம் சிலுவை மட்டும் தெரியும்.

"பொண்ணு நம்ம தோட்டம். மாப்ள கினிகத்தேன. வேன்ல வந்து எறங்குனாங்க, படம் புடிக்கிற ஆளையும் அவுங்களே கூட்டிக்கிட்டு."

யூஜினா கோவிலின் ஜன்னல்களைப் பார்த்தபடி நின்றாள். அவளுக்குப் பின்னால் பிளாஷ் அடித்தது. அதே கணத்தில் கீழே கோவிலின் ஜன்னல்கள் மூன்றும் வெள்ளையாய்ப் பூத்து அணைந்தன. ஓர் இடைவெளி. பிறகு இங்கே மூன்று, அங்கே மூன்று. ரேடியோவுக்கு ரோடு சுற்ற வேண்டியதில்லை, அது நேராகவே வந்துவிடும்.

அப்படியானால் இவள் இங்கே அமுக்கியபோதெல்லாம் அங்கேயும் அடித்திருக்கும். பூசை நடுவில், சாமியாரின் முகத்தில், மணப்பெண்ணின் கண்ணில். அங்கே இருக்கிறவனும் பேட்டரியை மாற்றியிருப்பான். பித்தளையைத் துடைத்திருப்பான். அவன் விஜிதரன் என்றால், அவனும் மூடியைத் திறந்து சிவப்பைப் பார்த்திருப்பான். பார்த்துவிட்டு, மறுபடி படம் எடுக்கப் போயிருக்கிறான்.

இந்த இடத்தில்தான் அவளுக்குக் கோபம் வந்தது. சும்மா வரவில்லை, கண் கலங்க வந்தது. கினிகத்தேனை என்ன கட்டாரா? ஹட்டன் பஸ்ஸில் ஏறினால் வந்துவிடலாமே. மெடிக்கலில் திருப்பி அனுப்பினார்களா, ஏஜென்சிக்காரன் ஏமாற்றினானா, வேலை பிடிக்காமல் திரும்பினானா, எதுவாக இருந்தால் என்ன? வந்து சொன்னால் அவள் என்ன கடித்தா தின்றிருப்பாள்? "வெயில் தாங்க முடியல" என்று அவன் சொன்ன குரலுக்கு, கொழும்பில் இருக்கிற மச்சானிடம் கேட்டு எண்ணெயும் தைலமும் அனுப்ப வழி தேடியவள் அவள். கோபத்தின் பின்னாலேயே, அழைக்காமல், ஒரு சந்தோஷமும் வந்து நின்றது. இங்கேதான் இருக்கிறான். கடலுக்கு அந்தப் பக்கம் இல்லை, ஓடைக்கு அந்தப் பக்கம். இரண்டில் எதை நம்புவதென்று தெரியாமல் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். அங்கே இருப்பது வேறு யாராவதாக இருந்தால் இந்தக் கோபத்தையும் சந்தோஷத்தையும் எங்கே கொண்டுபோய் வைப்பது?

போனை எடுத்தாள். அவன் பெயர்வரை போய்விட்டு மறுபடி உள்ளே வைத்தாள். போனில் அவன் எதைச் சொன்னாலும் நம்புவதா வேண்டாமா என்று மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

வெளியே தப்படிக்கும் சத்தம் கேட்டது. தாய்மாமன் லோஜன் சீர்த்தட்டுகளோடு லயத்து வீடுகள் பக்கமிருந்து ஏறி வந்துகொண்டிருந்தான்.

"புள்ள! மாமன் வந்தாச்சு. உச்சிக்கு முன்னுக்கு மால போடணும். அந்த மெசின சரி பண்ணுனியா இல்லியா?" நாகலெட்சுமி இடுப்பில் கை வைத்து நின்றாள்.

ஓடிப்போய்க் கோவிலைப் பார்த்துவிட்டு வந்துவிடலாம் என்று ஒரு நினைப்பு வந்தது. சரிவில் இறங்கினால் செருப்போடு இறங்க முடியாது, மாமன் மாலை போடுவது அதற்குள் முடிந்துவிடும். அவள் ஒருத்தியாக எடுக்கும் விசேஷம் இது. பொம்பளை ஒண்டியாய் என்ன எடுப்பாள் என்று கேட்டவர்களுக்கு நடுவே ஜெயந்தினிதான் நம்பிக் கூப்பிட்டவள். அந்தப் பிள்ளைக்கு இந்த நாள் ஒரு தடவைதான். மாமன் மாலை போடுகிற படம் கரியாய் வந்தால், நிதுஷா பேரப்பிள்ளை எடுத்த பிறகும் அதைச் சொல்லிக் காட்டுவார்கள்.

செய்ய வேண்டியது என்னவென்று அவளுக்குக் காலையிலிருந்தே தெரியும். ரிசீவரிலிருந்து பிளாஷைக் கழற்றிக் கேமராவின் தலையில் நேராக மாட்டிவிட்டால் தீர்ந்தது. ரேடியோவே வேண்டாம். யார் எங்கிருந்து கூப்பிட்டாலும் அது கேட்காது. அப்படியே செய்தாள். ஒரு தடவை அமுக்கினாள். அடித்தது. படத்தில் நிதுஷா பளிச்சென்று வந்தாள். அவள் தோளுக்குப் பின்னால் வாத்தும் பளிச்சென்று வந்தது.

கழற்றிய ரிசீவர் கையில் இருந்தது. அதை அணைத்துப் பையில் போட வேண்டியதுதான். விரல் சுவிட்சுவரை போயிற்று, அணைக்கவில்லை. பிளாஷ் இல்லாவிட்டாலும், கூப்பிடுகிற சத்தம் கேட்டால் அதன் நெற்றியில் கடுகளவு சிவப்பு லைட் ஒன்று மின்னும். அதை ஜாக்கெட்டின் மேல்பையில், லைட் வெளியே தெரியும்படி செருகிக்கொண்டாள். ட்ரிகரில் பேட்டரியைத் திரும்பப் போட்டு மற்றப் பையில் வைத்தாள்.

அதன் பிறகு ஒரு மணி நேரம் அவள் நன்றாக வேலை செய்தாள். மாமன் மாலை போட்டான், சிரிக்கச் சொன்னபோது அழுதான். தட்டுகளை வரிசையாக வைத்து எடுத்தாள். நாகலெட்சுமி ஆலாத்தி சுற்றும்போது கேமராவைப் பார்த்துக்கொண்டே சுற்றியதால் கற்பூரம் சரிந்து லோஜனின் வேட்டியில் விழப் பார்த்தது, அதையும் எடுத்தாள். ஒரு படமும் கரியாய்ப் போகவில்லை. "பாத்தியா, எலுமிச்சங்கா வச்சது!" என்றாள் நாகலெட்சுமி. யூஜினா ஆமாங்க என்றாள். அவ்வப்போது தலையைக் குனிந்து மேல்பையைப் பார்த்தாள். மின்னியது. ஒன்று. இடைவெளி. மூன்று. கீழே அவன் மோதிரம் மாற்றுவதை எடுக்கிறான், தாலி கட்டுவதை எடுக்கிறான், கையெழுத்துப் போடுவதை எடுக்கிறான். கோவிலில் ஒரு கல்யாணம் எந்த வரிசையில் நடக்கும் என்று அவளுக்குத் தெரியும். தனக்கு நடக்காத அந்தக் கல்யாணத்தைச் சட்டைப்பையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சாப்பாட்டுக்கு இலை போடத் தொடங்கினார்கள். குடும்பப் படம் ஒன்றுதான் பாக்கி. ஆளாளுக்கு வேட்டியையும் சேலையையும் சரிசெய்துகொண்டு, குழந்தைகளைத் தேடிக்கொண்டு இருந்தார்கள். அவள் வெளியே வந்து வராந்தாவின் ஓரத்தில் நின்றாள். மூடுபனி நன்றாக இறங்கியிருந்தது. கோவில் இருந்த இடத்தில் ஒன்றும் இல்லை. பாட்டு மட்டும் லேசாகக் கேட்டது.

ரிசீவரை எடுத்து இடது உள்ளங்கையில் வைத்தாள். வலது கையில் ட்ரிகர். அதன் ஓரத்தில் டெஸ்ட் பட்டன். கூட்டத்தில் கத்தினால் காதில் விழாது என்பதால் அவர்களுக்குள் ஒரு ஏற்பாடு இருந்தது. ஒரு தடவை அடித்தால், நான் ரெடி. இரண்டு தடவை அடித்தால், கிட்ட வா. எத்தனையோ மண்டபங்களின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு, ஊரார் எல்லோரும் பார்த்திருக்க, யாருக்கும் புரியாமல் அவர்கள் பேசிக்கொண்ட பேச்சு அது. வேறு ஆளாக இருந்தால் என்ன ஆகிவிடும்? எவனோ ஒருத்தன் தன் பிளாஷைத் திட்டிக்கொண்டு மறுபடி பேட்டரி மாற்றுவான். அவ்வளவுதானே.

ஆனால் விரல் உடனே அமுக்கவில்லை. தெரியாமல் இருக்கும்வரை அவனைக் கட்டாரில் வைத்துக்கொள்ளலாம். அங்கே அவன் வெயிலில் கஷ்டப்படுகிற புருஷன். அமுக்கிவிட்டால், ஓடைக்கு அந்தப் பக்கம் இருந்தும் வராதவன். எது நல்லது என்று அவளுக்கு உண்மையிலேயே விளங்கவில்லை.

அமுக்கினாள். ஒன்று. இரண்டு.

உள்ளங்கையில் சிவப்பு இரண்டு தடவை மின்னி அணைந்தது. மூடுபனிக்குள் எங்கோ கீழே, வெள்ளையாக எதுவோ இரண்டு தடவை கலங்கிய மாதிரி இருந்தது. அவள் கண்ணின் வேலையாகவும் இருக்கலாம்.

பாட்டு முடிந்தது. ரிசீவர் சும்மா இருந்தது. காலையிலிருந்து இவ்வளவு நேரம் அது சும்மா இருந்ததே இல்லை.

"யூஜினா அக்கா! எல்லாரும் நின்னாச்சு!" நிதுஷாவின் குரல்.

"இந்தா வாறேன்ம்மா."

நகரவில்லை. கையில் குளிர் ஏறியது. கீழே கோவில் மணி அடிக்கத் தொடங்கியது. கல்யாணம் முடிந்துவிட்டது. மாப்பிள்ளையும் பெண்ணும் வெளியே வருவார்கள். வாசற்படியில் நிறுத்தி ஒரு படம் எடுக்காத கேமராக்காரன் கிடையாது. விஜிதரன் அதை ஒருநாளும் விட்டதில்லை.

அப்போது உள்ளங்கையில் சிவப்பு மின்னியது. ஒரு தடவை.

நான் ரெடி என்கிறானா? அல்லது படியில் நிற்கிற மாப்பிள்ளையையும் பெண்ணையும் ஒரு படம் எடுத்துவிட்டுத் தலையைக் குனிந்து திரையைப் பார்க்கிறானா? படம் என்றால் பின்னால் மூன்று வரும். ஒன்று எனக்கு, மூன்று அவர்களுக்கு. மூன்று வராவிட்டால், அந்த ஒன்று இவளுக்கு.

"எவ்வளவு நேரந்தான் நிக்கிறது புள்ள? கால் கடுக்குது!" என்று உள்ளேயிருந்து நாகலெட்சுமி கூப்பிட்டாள்.

மணி அடித்துக்கொண்டே இருந்தது. யூஜினா, மூடுபனி படிந்து ஈரமாகிக்கொண்டிருந்த அந்தத் தீப்பெட்டியின் நெற்றியைப் பார்த்தபடி நின்றாள்.